வேலிக்குள் கிடந்த கொம்பு

கார்வவாரா
செப்டம்பர் 14, 2024

சுன்னாவுக்கு,

போனை நீ பாதியில் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும், என்றைக்காவது கண்ணில் படும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விஷயம் கோணல் இல்லை.

மூன்று நாள் ஓட்டி வந்த மான் மந்தை அது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதினோரு பேர், ஆறு நாய், நம் மேய்ச்சல் கூட்டத்தின் தலைவன் ஹேய்க்காவின் ட்ரோன், எல்லாம் சேர்ந்து பட்டியின் வாசல் வரை கொண்டுவந்தோம். முன்னால் வந்த மான்கள் வாசலுக்குள் மூக்கை நீட்டிவிட்டன. அந்த நேரம் பார்த்து உன் ட்ரோன் மரங்களுக்கு மேலே எழுந்து எதிரே வந்து நின்றது. ஹேய்க்கா வைத்திருப்பதும் அதே சாமான்தான். ஆனால் அது பின்னாலிருந்து விரட்டும். உன்னுடையது முன்னால் நின்று முறைத்தது. மந்தை அப்படியே திரும்பி எங்கள் நடுவில் புகுந்து ஓடிற்று. மறுபடி சேர்க்க ஐந்து நாள் ஆயிற்று. தாயைத் தவறவிட்ட குட்டிகள் கத்திக்கொண்டே ஓடியதை நீ மேலேயிருந்து படமாகத்தான் பார்த்திருப்பாய். படத்தில் சத்தம் வராது.

என் மகள் இங்கா சேற்றில் விழுந்து எழுந்து கேட்டாள்: "அத்தைக்கு வேற நாளே கெடைக்கலயாம்மா?" அதைத்தான் நான் உன்னிடம் போனில் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "அனுமதி இருக்கு அண்ணி." சரி. அந்த அனுமதிக் காகிதத்தை மான்களிடம் காட்டியிருக்கலாமே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் படத்தைக் கணினியில் போட்டால் மந்தையில் எத்தனை தலை என்று அதுவே எண்ணிவிடும் என்கிறான் ஹேய்க்கா. நிஜமா? உன் அண்ணன் கண்ணை மூடும் வரை அவர் மான் எத்தனை என்று நான் கேட்டதில்லை. என் காதுக்குறி போட்டவை எத்தனை என்று அவரும் கேட்டதில்லை. ஒரே பானையில் தின்றோம், ஒரே போர்வையில் படுத்தோம், அதை மட்டும் கேட்டதில்லை. கூட்டத்து எழுத்தர் பட்டியில் குறித்துக்கொள்வார், அது அவர் வாயோடு போகும். வெளியாள் யாராவது விவரம் தெரியாமல் கேட்டால் உன் அண்ணன் என்ன சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? "நேத்தைவிடக் கொஞ்சம் கம்மி, நாளைக்கு வேண்டியதவிட ரொம்பக் கம்மி. காபி குடிக்கிறீங்களா?"

நீ எண்ணியிருந்தால் என் வீட்டு வாசலை மிதிக்காதே.

ரவ்னா


ஊலு
செப்டம்பர் 23

அன்புள்ள அண்ணி,

போனை வைத்தது தப்பு. ட்ரோனை அந்த நாளில் பறக்கவிட்டதும் தப்பு. நீங்கள் வியாழக்கிழமைதான் பட்டிக்கு வருவீர்கள் என்று நினைத்திருந்தேன். மான் கிழமை பார்த்து வராது என்பது யோவ்னாவின் தங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்காவிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் எண்ணவில்லை. எண்ண முடியும் என்பது உண்மை. மந்தை பதிவான படங்களை அன்றைக்கே அழித்துவிட்டேன். என் கூட வேலை செய்யும் பெட்ரி, "அடடா, நல்ல படமாச்சே" என்றான். "எங்க அண்ணியை உனக்குத் தெரியாது" என்றேன்.

நான் தேடுவது தரையை. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் படம் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினால் காட்டுத் தரையில் மான் குளிர்காலத்தில் தின்னும் வெண்பாசி எத்தனை விரல் தடிமன், பிர்ச் மரக் கன்றுகளில் எத்தனை துளிர் கடிபட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். முன்பெல்லாம் முழங்காலில் தவழ்ந்து மரச்சட்டம் வைத்து அளந்ததுதான் இது. மான் நுழையாத வேலிக்குள் எப்படி, மான் மேயும் வெளியில் எப்படி என்று பார்ப்பது. மூன்று வேலிகள். இரண்டு கிழக்கே. மூன்றாவது உங்கள் குளிர்கால மேய்ச்சல் காட்டில், இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தன் கையால் கட்டிக் கொடுத்தது. "இதுக்குள்ள ஒரு மான் குளம்பு படாது. எம் பேச்சு" என்று அன்றைக்கு வந்திருந்தவர்களிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன்.

ஜனவரியில் தலைநகரத்து அலுவலகம் முடிவெடுக்கும். காட்டை மான் அழிக்கிறது என்று தெரிந்தால் நம் கூட்டம் வைத்துக்கொள்ளலாம் என்கிற எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். குறைத்தால் முதலில் போவது இங்கா மாதிரி புதிதாகச் சொந்தக் காதுக்குறி வாங்கிய சின்னவர்கள்தான்.

இன்னொரு செய்தி ஹேய்க்காவுக்கு எப்படியோ போய்விட்டது, உங்களுக்கும் வந்திருக்கும். உங்கள் காட்டு வேலியில் உள்ளேயும் வெளியேயும் பாசி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. மான் இல்லாவிட்டாலும் பாசி வளரவில்லை, ஆகவே குற்றம் மானுடையது இல்லை என்று அதற்கு அர்த்தம் வரும். கூட்டத்துக்கு நல்ல செய்தி.

ஆனால் கிழக்கு வேலிகள் இரண்டிலும் அப்படி இல்லை. உள்ளே உள்ளங்கை உயரம், வெளியே விரல் தடிமன். உங்களுடையது மட்டும் ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. எப்போதாவது மரம் விழுந்து வேலி சாய்ந்ததா? பெரிய எல்க் மான் ஏதாவது உடைத்துக்கொண்டு புகுந்ததா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

உங்கள்
சுன்னா


கார்வவாரா
அக்டோபர் 6

சுன்னாவுக்கு,

மன்னிப்பை இங்காவிடம் சொன்னேன். "அத்தை ஊர்ல மன்னிப்பு சும்மா கெடைக்குதுபோல" என்றாள். ஆனால் சிரித்தாள். அழித்தது நல்ல காரியம். வாசலை மிதிக்கலாம்.

ஹேய்க்கா ஊரெல்லாம் பறை அடிக்காத குறை. நேற்று அவன் வீட்டுச் சமையல்கட்டில் ஏழு பேர். காபியில் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே பேசுகிறான். "இருபது வருஷமா மான் தின்னுது, மான் தின்னுதுன்னு நம்மள ஏசினாங்க. இப்ப அவங்க யந்திரமே பறந்துபோய்ப் பாத்துட்டு வந்து சொல்லிருச்சு. வேலிக்குள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. அப்ப தின்னது யாரு? நானா?" எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கம் திரும்பி, "யோவ்னா செத்தும் நமக்கு வேலை செய்யறான் ரவ்னா" என்றான். எனக்குக் காபி இன்னொரு கோப்பை ஊற்றினார்கள். அந்த வீட்டில் எனக்கு இரண்டாம் கோப்பை கேட்காமல் வந்தது இதுதான் முதல் தடவை.

நீ கேட்டதற்குப் பதில். மரம் விழவில்லை. எல்க் வரவில்லை. உன் அண்ணன் கட்டிய வேலி. ஒவ்வொரு கம்பமும் இடுப்பளவு ஆழம். நான் பக்கத்தில் நின்று கம்பி நீட்டிக் கொடுத்தேன், அவர் முறுக்கினார். மழைக்கும் பனிக்கும் அசையாத வேலி. அதில் என்ன கேள்வி? பாசி ஏன் வளரவில்லை என்று பாசியைக் கேள். வெயிலைக் கேள். முன்னெல்லாம் அக்டோபரில் ஏரி உறைந்துவிடும், இன்றைக்கு நான் படகில் போய் வலை எடுத்து வந்தேன். சுற்று வட்டாரத்து மரமெல்லாம் வெட்டி ஏற்றிக்கொண்டு போன கம்பெனிக்காரர்களைக் கேள். எல்லாக் கேள்வியையும் முடித்துவிட்டு மிச்சம் இருந்தால் மானைக் கேட்கலாம்.

இங்கா கடை வேலையை விட்டுவிட்டாள். இனிமேல் மான்தான் என்கிறாள். பழைய ஸ்கீ சறுக்குக் கட்டைகளையெல்லாம் எடுத்து மெழுகு தேய்த்து வைத்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம்.

இந்த மாதக் கடைசியில் இறைச்சி வெட்டு. வா. ரத்த அடை சுடுகிறேன்.

வேலியைப் பற்றி இனிக் கேட்காதே. கட்டியவர் இல்லை.

ரவ்னா


ஊலு
அக்டோபர் 20

அண்ணி,

இத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது பாருங்கள். இங்கா பார்க்க வேண்டாம்.

நான்கு கோடையாக அந்த வேலியைப் படம் எடுக்கிறோம். இந்த வருஷம்தான் புதுக் கேமரா. பழையதில் மங்கலாகத் தெரிந்ததெல்லாம் இதில் கூர்மையாகத் தெரிகிறது. வேலிக்கு உள்ளே, வட மூலையில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதன் மேல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. காய்ந்த கிளை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். மறுநாள் திரும்ப வந்து பெரிதாக்கிப் பார்த்தேன்.

கொம்பு. இடது பக்கத்துக் கொம்பு. முகத்துக்கு முன்னால் நீளும் கிளை, ஐந்து விரலை விரித்த கை மாதிரி.

உலகத்தில் எத்தனை மானுக்கு அப்படிக் கொம்பு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து ஒன்றுக்குத்தான். அண்ணன் காயடித்து வளர்த்து, மந்தைக்கு முன்னால் நடக்கப் பழக்கிய கைக்கொம்பன். அவனுக்கு ரொட்டி கொடுத்து நான் மூன்று தடவை கடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கொம்பு என் தோளில் இடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

வேலி கட்டும்போது கைக்கொம்பன் பிறக்கவே இல்லை, அண்ணி.

பெட்ரி இன்னும் வட மூலைக்கு வரவில்லை. தெற்கிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். ஆறு வாரத்தில் வந்துவிடுவான். படத்திலிருந்து அந்தப் பாறையை அழிக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு மாலை முழுக்க அதை நினைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழிக்கவில்லை. அழிக்க மாட்டேன் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

என்ன நடந்தது?

சுன்னா


கார்வவாரா
அக்டோபர் 27

சுன்னா,

கொம்பு ஒரு கொம்பு. காக்கை தூக்கும், கழுகு தூக்கும், நரி இழுத்துக்கொண்டு போகும். வேலிக்குள் விழுந்திருக்கும். மேலேயிருந்து பார்க்கிற உனக்கு மேலேயிருந்து விழுந்தது தெரியவில்லையா?

நீ மூன்று வயதில் தாயை இழந்தவள். நான் கல்யாணமாகி வந்தபோது உனக்கு நான்கு. என் முதுகில்தான் தூங்கினாய். பள்ளிக்கு, பெரிய பள்ளிக்கு, ஊலுவுக்கு என்று நீ போகப் போக உன் அண்ணன் பெருமைப்பட்டார், நானும் பெருமைப்பட்டேன். இதற்காகவா? அண்ணன் செத்த பிறகு அவர் பேச்சைப் பொய்யாக்கி மூன்று ஊருக்குக் காட்டவா?

வெட்டுக்கு வர வேண்டாம். படத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ரவ்னா


ஊலு
நவம்பர் 8

அண்ணி,

நீங்கள் என்னை என்ன சொன்னாலும் சரி. இதை முழுக்கப் படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

போன சனிக்கிழமை நான் வந்தேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். புகை வந்துகொண்டிருந்தது, நாய் என்னைப் பார்த்து வாலாட்டிற்று, நான் நிற்கவில்லை. வேலி வரை நடந்தேன். முதல் பனி அன்றைக்குத்தான் விழ ஆரம்பித்திருந்தது. பாறையிலிருந்து கொம்பை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அது என் துணி அலமாரியில், குளிர்காலக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இருபது வருஷ வேலையில் நான் செய்த முதல் திருட்டு. படத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

வட மூலையில் நான்கு கம்பத்துக்குக் கம்பி வேறு மாதிரி முறுக்கியிருக்கிறது. அண்ணன் முறுக்கினால் வலது பக்கம் போகும். அந்த நான்கில் இடது பக்கம் போகிறது. நம் வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான். கழுகு கம்பி முறுக்காது.

எந்த வருஷம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். அண்ணன் போனதற்கு இரண்டாம் குளிர்காலம், ஜனவரியில் மழை பெய்து தரையெல்லாம் பனிக்கட்டி பூட்டுப் போட்ட வருஷம். நான் போனில் கேட்டபோதெல்லாம், "மத்தவங்களுக்குத்தான் கஷ்டம், நமக்கு ஒண்ணுமில்ல" என்றீர்கள். நான் நம்பினேன். ஊலுவில் சூடான அறையில் உட்கார்ந்துகொண்டு நம்புவது சுலபமாக இருந்தது. அது என் தப்பு.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். வாயை மூடிக்கொண்டு போட்டால் உங்கள் வேலி மானைக் காப்பாற்றும். ஆனால் கம்பியைப் பார்க்க எனக்கு மட்டுமா கண் இருக்கிறது? என்றைக்காவது ஒருவன் பார்ப்பான். அன்றைக்கு, மான்காரர்கள் வேலியைத் திறந்துவிட்டு உள்ளே ஒன்றுமில்லை என்று சாதித்தார்கள் என்பான். அதற்குப் பிறகு கம்பெனி வெட்டிய காட்டைப் பற்றி, உறையாத ஏரியைப் பற்றி நீங்கள் எது சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலி திறந்தது என்று மட்டும் சொன்னால் அதுவும் ஆபத்து. கெட்டுப்போன வேலி என்று தள்ளிவிடுவார்கள். கிழக்கு வேலிகள் இரண்டும்தான் பேசும். அவை நமக்கு எதிராகப் பேசும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. சொல்லவே நாக்கு கூசுகிறது. என்றைக்குத் திறந்தீர்கள், என்றைக்கு மூடினீர்கள், எத்தனை மான் உள்ளே போயிற்று, இந்த மூன்றும் சரியாகத் தெரிந்தால் அந்த வேலி கெட்ட வேலி இல்லை. இத்தனை மான், இத்தனை நாள், நூறு தப்படி நீளம் நூறு தப்படி அகலத்தில் மேய்ந்தது என்று தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையும் பாசி தீக்குச்சித் தலை அளவு, தீக்குச்சித் தலை அளவாக எப்படித் திரும்பி வந்தது என்று என்னிடம் நான்கு வருஷத்துப் படம் இருக்கிறது. காடு எவ்வளவு தாங்கும், எத்தனை வருஷத்தில் எழும் என்று ஊகமாக இல்லாமல் சொல்லலாம். மற்ற இரண்டு வேலிகளும் மான் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்பதை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு மான் வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லாது. அலுவலகத்துக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அது நமக்குச் சாதகமாக வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உண்மையாக வரும், அவ்வளவுதான்.

எண் இல்லாமல் அது நடக்காது. தேதியை ஊகிக்கலாம், எண்ணை ஊகிக்க முடியாது. அண்ணன்கூடக் கேட்காததை நான் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நீங்கள் எழுதாவிட்டால் நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். ஆனால் கையெழுத்தும் போட மாட்டேன். பெட்ரி போட்டுக்கொள்ளட்டும். நான் இந்த வேலையை விட்டுவிடுவேன்.

சுன்னா


கார்வவாரா
நவம்பர் 24

சுன்னாவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் போடவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதே. கோபத்தில் இருந்தேன். நீ வீட்டைத் தாண்டிப் போன அன்று நாய் வாலாட்டியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் பார்த்தேன், யாரும் இல்லை. யாருக்கு வாலாட்டுகிறது இது என்று நினைத்தேன். நின்றிருக்கலாம் நீ.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். மத்தியானம் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது, விளக்கெல்லாம் போட்டு எழுபது எண்பது பேர். தலைநகரத்துக்கு அனுப்ப ஹேய்க்கா ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். அதைப் படித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"ரவ்னா, எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லு. யோவ்னா கட்டுன வேலி. அவன் பெண்டாட்டி நீ. இருபத்தொரு வருஷமா அத யாரும் தொடலன்னு நீ சொன்னா அதுக்குத் தனி மதிப்பு. கீழ உம் பேரப் போட்டுக்கலாம்."

எழுந்தேன். தொடவில்லை என்று சொல்லத்தான் எழுந்தேன், சுன்னா. உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. வாயில் அந்த வார்த்தைதான் இருந்தது. உன் அண்ணன் பெயரை அவன் அப்படி முன்னால் நிறுத்தாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"தொட்டாங்க," என்றேன். "நான்தான் தொட்டேன். பனிக்கட்டி வருஷம். மார்ச் மாசம்."

ஹேய்க்கா கடிதத்தை மடித்தான், திரும்பப் பிரித்தான். "ஏன் இத இப்ப சொல்ற? உங்கிட்ட யாரு கேட்டா?"

"நீதான் கேட்ட. எந்திரிச்சு சொல்லச் சொன்ன."

பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஹேய்க்காவுக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "அந்த வருஷம் என் மான் நடுரோட்டுல விழுந்து செத்துச்சு. நீ சபையில தலைய நிமித்திக்கிட்டு நின்ன. எங்களுக்கெல்லாம் புத்தி சொன்ன. அப்ப உன் மான் வேலிக்குள்ள தின்னுக்கிட்டு இருந்துச்சா? எத்தனை? எத்தனைய உள்ள விட்ட?"

கேட்டுவிட்டான். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் காபி கலக்கிக்கொண்டிருந்த கிழவியின் கரண்டி கோப்பையில் அப்படியே நின்றது. என்ன கேட்டோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குக் கடமை இல்லை. உட்கார்ந்தேன். கடிதத்தை அனுப்புவதில்லை என்று அவர்களே முடிவு செய்து கலைந்தார்கள். இரண்டாம் கோப்பை யாரும் ஊற்றவில்லை.

இங்கா பாதியிலேயே வெளியே போய்விட்டாள். பனிவண்டியில் உட்கார்ந்திருந்தாள். வீடு வரை அவளே ஓட்டினாள். இறங்கினதும் கேட்டாள்: "அந்த வருஷம் நம்மகிட்ட நெறய இருந்துச்சுன்னுதானேம்மா சொன்ன? நான் தெற்கே படிச்சுக்கிட்டு இருந்தேன். போன் பண்ணுறப்பல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்ன?"

"சொன்னேன்."

"வந்திருப்பேன்லம்மா."

வந்திருப்பாள் என்றுதான் சொல்லவில்லை.

உனக்கு வேண்டியதை எழுதுகிறேன்.

ஜனவரி பதினெட்டில் மழை. மறுநாள் உறைந்தது. கோடரியால் கொத்தினாலும் பொறிதான் பறந்தது, பாசி வரவில்லை. வாங்கும் தீவனம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது, எங்கள் பக்கத்துச் சாலை மூடிக் கிடந்தது, லாரி வரவில்லை. கிழட்டு மரங்களில் தொங்கும் தாடிப்பாசியைக் கிளையோடு வெட்டிப் போட்டேன். தனி ஆள், எத்தனை மரம் வெட்டுவேன். பிப்ரவரியில் விழ ஆரம்பித்தன. குட்டிகள் முதலில். பிறகு தாய்கள், வயிற்றில் குட்டியோடு. ஒவ்வொன்றின் காதிலும் குறியைத் தடவிப் பார்த்துவிட்டு இழுத்துப் போவேன். உன் அண்ணன் குறி, என் குறி, உன் அண்ணன் குறி. நான் எண்ணவில்லை. எண்ணினால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும்.

வேலியைச் சுற்றி இருந்த பழைய மரங்கள் மழையைத் தாங்கியிருந்தன. அடியில் பனி இளகலாக இருந்தது. வெளியே இருந்த பாசியை மான்கள் ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிட்டன. அப்புறம் வேலி ஓரமாகவே நின்றன. உள்ளே மணம் வருகிறது அல்லவா. கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன, கத்தக்கூட இல்லை. இரண்டு நாள் நானும் அவற்றோடு நின்றேன். யோவ்னா இருந்தால் என்ன செய்வார் என்று நினைத்தேன். யோவ்னா திறந்திருக்க மாட்டார். பேச்சுக் கொடுத்த மனிதர். மான் எல்லாம் செத்த பிறகு அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. கம்பி நீட்டித்தான் கொடுத்தேன்.

மார்ச் மூன்றாம் தேதி காலையில் திறந்தேன். வெட்டவில்லை. அவர் முறுக்கிய ஒவ்வொரு முறுக்கையும் கையால் பிரித்தேன். நான்கு கம்பம். மற்றவை நுழைய மாட்டேன் என்றன, வேலி என்றால் பட்டி, பட்டி என்றால் கத்தி என்று அவற்றுக்குத் தெரியும். கைக்கொம்பனைக் கழுத்தில் கயிறு போட்டு முன்னால் நடத்தினேன். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். "போடா, நான் பாத்துக்கறேன்" என்றேன். போனான். அப்புறம் எல்லாம் போயின.

பதினான்காம் தேதி காலையில் மூடினேன். நடுவில் முழுதாகப் பதினோரு நாள். அன்றைக்குத்தான் தீவன லாரி வந்தது. கொம்பு உதிரும் காலம், கைக்கொம்பன் வெளியே வரும்போது ஒரு கொம்பில்லாமல் வந்தான். ஒரு நாள் முழுக்கப் பனியைக் கிளறித் தேடினேன், கிடைக்கவில்லை. எலி தின்று தீர்த்துவிடும் என்று விட்டேன். இரண்டு கோடையில் கொம்பு இருந்த இடம் தெரியாது, வழக்கமாக அப்படித்தான். இந்தக் கொம்பை எந்த எலியும் தொடவில்லை.

அந்தக் கொம்பை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வை. நீ திருடி ஆக வேண்டாம். பெட்ரி தன் கண்ணால் பார்க்கட்டும், பிறகு இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு. தலைநகரத்துக்கும் அனுப்பு. என் பெயரை மறைக்க வேண்டாம். ஹேய்க்காவுக்கு ஒரு பிரதி. கேட்டானே, படித்துக்கொள்ளட்டும். ஜனவரியில் நமக்குச் சாதகமாக வராவிட்டால் முதல் ஏச்சு எனக்கு. இங்காவிடம் இதை எழுதும் முன் சொல்லிவிட்டேன். அவள் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இப்போது எண். உன் அண்ணன் போகும்போது விட்டுப் போனது எவ்வளவு, நான் அந்த மார்ச்சில் எவ்வளவுக்கு வந்து நின்றேன் என்று இதைப் பார்க்கிற மான்காரர் எல்லோருக்கும் புரியும். புரியட்டும். திறப்பில் நின்று ஒவ்வொன்றாக முதுகில் கை வைத்து அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் எண்ணியது அந்த இரண்டு தடவைதான்.

உள்ளே போனது அறுபத்தொன்று.

வெளியே வந்தது அறுபத்தொன்று.

ரவ்னா